மூப்பர்களும் உதவிக்காரர்களும்: அமெரிக்கச் சபைகளின் இலையுதிர் கால ஊழியம்

அக்டோபர் மாதம் அமெரிக்காவில் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ தங்கியிருந்தவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். ஒரு தேவாலயத்தின் முன்புறப் புல்வெளி முழுக்கப் பரங்கிக்காய்கள் பரப்பிக் கிடக்கும். உள்ளங்கையில் அடங்குவது முதல் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியது வரை எல்லா அளவிலும் இருக்கும். ஓரமாக ஒரு மடக்கு மேஜை, அதன் மேல் பணப்பெட்டி, பின்னால் கம்பளிச் சட்டையும் குல்லாவுமாக எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. குழந்தைகள் பெரிய காயின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ள, அப்பா அம்மாக்கள் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

தேவாலய வாசலில் எதற்குக் காய்கறி வியாபாரம் என்று நினைத்தபடி நம்மில் பலர் நகர்ந்துவிடுகிறோம். நகராமல் நின்று, அந்தப் பணம் எங்கே போகிறது என்று அந்தப் பெண்மணியிடம் கேட்க வேண்டும். ஓர் ஊரின் பசியையும் குளிரையும் தனிமையையும் அந்த ஊர்க்காரர்களே உட்கார்ந்து பேசி, கணக்கெழுதி, முறை போட்டுக் கவனித்துக்கொள்ளும் ஓர் ஏற்பாடு அந்த மேஜைக்குப் பின்னால் இருக்கிறது.

பல சபைகளுக்கு வரும் பரங்கிக்காய்கள் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் ஃபார்மிங்டன் ஊருக்குப் பக்கத்தில், நவாஹோ பழங்குடியினரின் நிலத்தில் விளைபவை. சபை முன்பணம் கட்டுவதில்லை. லாரி வந்து காயை இறக்கிவிட்டுப் போகும். மாத முடிவில் விற்றதற்குக் கணக்குப் பார்த்து, தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைச் சபை அனுப்பிவைக்கும். லாரி வரும் நாளில் பள்ளிப் பிள்ளைகளிலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் வரை வரிசையாக நின்று, கைக்குக் கை மாற்றிக் காயை இறக்குவார்கள். சபையின் பங்காகக் கிடைக்கும் பணம் சில ஊர்களில் இளைஞர் குழுவின் ஊழியப் பயணத்துக்குப் போகும், சில ஊர்களில் பசித்தவர்களுக்கான உணவு அறைக்குப் போகும். எதற்கு என்பதைப் போதகர் தனியாகத் தீர்மானிக்க முடியாது. அந்த முடிவு மூப்பர்களுடையது. பிரஸ்பிட்டேரியன் சபைகளின் தனித்தன்மையே அங்கேதான் தொடங்குகிறது.

மூப்பர் ஆட்சி

இந்தச் சபை மரபு தமிழ்நாட்டுக்கு அந்நியமானது அல்ல. சென்னை எழும்பூரில் ரயில் நிலையத்துக்கு அருகில் வட்ட வடிவ மண்டபமும் உயர்ந்த கோபுரமுமாக நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயம், 'கர்க்' என்று சென்னைவாசிகள் சொல்வது, 1821-ல் ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன்களுக்காகக் கட்டப்பட்டது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் தொடக்கமும் 1837-ல் ஸ்காட்லாந்துச் சபையின் ஊழியர் ஜான் ஆண்டர்சன் நடத்திய பள்ளிதான். 1908-ல் பிரஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனல் சபையாரும் இணைந்து தென்னிந்திய ஐக்கிய சபையை உண்டாக்கினார்கள். அது 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனது. பேராயர் ஆளுகைக்குள் வந்தபோது பழைய மூப்பர் முறை அதன் பழைய வடிவில் நிற்கவில்லை. அமெரிக்காவில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது.

அங்கே பேராயர் கிடையாது. சபை மக்கள் ஓட்டுப் போட்டு மூப்பர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மூப்பர்களும் போதகரும் சேர்ந்த குழுவுக்கு 'செஷன்' என்று பெயர். ஆராதனை நேரம், பட்ஜெட், கட்டடத்தை யாருக்கு விடுவது, பரங்கிக்காய்ப் பணம் எதற்கு என எல்லாம் அங்கே முடிவாகும். மூப்பரின் காலம் மூன்று ஆண்டு. தொடர்ந்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் அந்த இடத்தில் இருக்க முடியாது. நம் ஊரில் ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சபைக் கமிட்டியைப் பிடித்து வைத்திருப்பதையும், தேர்தல் வழக்குகள் நீதிமன்றம் வரை போவதையும் பார்த்து நொந்தவர்களுக்கு இந்த ஒரு விதியின் அருமை புரியும்.

மூப்பர்கள் ஒரு பக்கம் என்றால், இன்னொரு பக்கம் உதவிக்காரர்கள், அதாவது டீக்கன்கள். ஆங்கிலிக்கன் மரபில் டீக்கன் என்பது குருப்பட்டத்துக்கு முந்தைய படி. இங்கே அப்படி இல்லை. வங்கியில் வேலை பார்ப்பவர், பள்ளி ஆசிரியை, குழாய் ரிப்பேர் செய்பவர் யாரும் உதவிக்காரராகலாம். ஏழைகள், நோயாளிகள், துக்கத்தில் இருப்பவர்கள், தனித்திருப்பவர்கள் ஆகியோரைக் கவனிப்பதற்கென்றே அபிஷேகம் செய்யப்பட்ட பதவி அது. இதற்கு வேர் ஜெனிவாவில் இருக்கிறது. 1541-ல் அந்த நகரத்துக்காக ஜான் கால்வின் வகுத்த சபை ஒழுங்கில் உதவிக்காரர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் ஏழைகளுக்கான பணத்தைப் பெற்றுப் பாதுகாத்துப் பகிர்ந்தார்கள். இன்னொரு வகையினர் நோயாளிகளையும் ஏழைகளையும் நேரில் பராமரித்தார்கள். இரக்கத்தை மனநிலைக்கு விட்டுவிடாமல் பதவியாக்கி, பொறுப்பாக்கி, கணக்கு கேட்கக்கூடிய வேலையாக்கினார்கள். நானூற்று எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒஹாயோவின் சிற்றூர் ஒன்றில் அந்த வேலைப் பங்கீடு நடக்கிறது.

இதே சபைகளுக்குப் பெருமைப்பட முடியாத வரலாறும் உண்டு. உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-ல் அடிமை முறையை ஒட்டி வடக்கும் தெற்கும் பிரிந்தன. அந்தப் பிளவு ஒட்டியது 1983-ல்தான். இணைந்த சபையின் தலைமையகம் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் இருக்கிறது.

பள்ளி திறந்ததும்

அமெரிக்காவில் சபை ஆண்டு உண்மையில் தொடங்குவது செப்டம்பரில். முதல் திங்கட்கிழமை தொழிலாளர் தினம். கோடை விடுமுறைக்குக் கலைந்துபோன பாடகர் குழு அதன் பிறகு திரும்பி வரும். ஓய்வுநாள் பாடசாலை திறக்கும். பிள்ளைகள் தங்கள் புத்தகப் பைகளோடு ஆராதனைக்கு வர, போதகர் பைகளுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஜெபிப்பார். வாங்க வழியில்லாத பிள்ளைகளுக்காக நோட்டு, பென்சில், கால்குலேட்டர் வைத்துக் கட்டிய பைகள் அதே வாரம் பக்கத்துப் பள்ளிக்குப் போய்ச் சேரும்.

கட்டடம் வார நாட்களில் உயிர்பெறுவதும் அப்போதுதான். கீழ்த்தள அறையில் மதுப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களின் கூட்டம் நடக்கும். மாலையில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு இலவச ஆங்கில வகுப்பு இருக்கும். கணவரின் விசாவில் வந்து வேலைக்குப் போக அனுமதியில்லாமல் வீட்டில் அடைபட்டிருக்கும் நம் பெண்கள் பலருக்கு அமெரிக்காவில் கிடைத்த முதல் தோழி இப்படியொரு வகுப்பில்தான் கிடைத்திருப்பார். யாரும் மதம் கேட்பதில்லை. வாஷிங்டன் நகரின் நியூ யார்க் அவென்யூ பிரஸ்பிட்டேரியன் ஆலயத்தில் 1960-களில் தொடங்கிய ஒரு பயிற்சி ஏற்பாடு உண்டு. பள்ளி ஆண்டு முழுவதும் வியாழக்கிழமை மாலைகளில் ஒரு மாணவருக்கு ஒரு பெரியவர் என்று உட்கார்ந்து பாடம் சொல்லித் தருகிறார்கள். ஆபிரகாம் லிங்கன் குடியரசுத் தலைவராக இருந்தபோது வாடகைக்கு இருக்கை எடுத்து ஆராதனைக்கு வந்த ஆலயம் அது. அவர் உறுப்பினராகச் சேரவில்லை, ஆனால் அவர் உட்கார்ந்த இருக்கையைப் போற்றி வைத்திருக்கிறார்கள். அந்த இருக்கையைவிட வியாழக்கிழமைப் பாடம்தான் என் கணக்கில் பெரியது.

அக்டோபர்: ஒரே பந்தி

அக்டோபர் முதல் ஞாயிறு உலகத் திருவிருந்து ஞாயிறு. இது பிறந்ததே ஒரு பிரஸ்பிட்டேரியன் சபையில். 1933-ல் பொருளாதார வீழ்ச்சியால் ஆலைகள் முடங்கி, வேலையற்றவர்கள் தெருவில் நின்ற பிட்ஸ்பர்க் நகரம். அங்கே ஷேடிசைட் பிரஸ்பிட்டேரியன் சபையின் போதகர் ஹியூ தாம்சன் கெர், எல்லா நாட்டுக் கிறிஸ்தவர்களும் ஒரே நாளில் ஒரே பந்தியில் அமர்வதுபோல் திருவிருந்து எடுக்க வேண்டும் என்று தொடங்கிவைத்தார். 1936-ல் அந்தச் சபைப் பிரிவு முழுவதும் ஏற்றுக்கொண்டது. 1940-ல் மற்ற சபைப் பிரிவுகளுக்கும் பரவியது. உலகப் போர் தொடங்கிவிட்ட நேரத்தில் ஒரே பந்தி என்ற எண்ணம் எத்தனை பேரைத் தொட்டிருக்கும்!

இன்று அந்த ஞாயிறன்று மேஜையில் ஒரே வகை அப்பம் இருக்காது. கொரியர்கள், மெக்ஸிகோக்காரர்கள், எத்தியோப்பியர்கள், இந்தியர்கள் உள்ள சபைகளில் அவரவர் வீட்டு ரொட்டி வரும். சப்பாத்தி இருக்கும் திருவிருந்து மேஜைகளும் உண்டு. அந்த நேரம் எடுக்கும் சமாதானக் காணிக்கையின் பங்கீடு கவனிக்கத் தக்கது. நூற்றுக்கு 25 பங்கு உள்ளூர்ச் சபையிலேயே தங்கிச் சமாதானப் பணிக்குச் செலவாகும். 25 பங்கு வட்டார அமைப்புக்கு. மீதி 50 பங்கு தேசிய அளவிலும் வெளிநாடுகளிலும் நடக்கும் பணிக்கு. காணிக்கைத் தட்டில் போடும்போதே எவ்வளவு எங்கே போகும் என்று போடுபவருக்குத் தெரியும்.

அதே மாதத்தில் நடக்கும் 'கிராப்' நடைப் பயணமும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பட்டினி கிடந்த நாடுகளுக்கு அமெரிக்க விவசாயிகளிடம் தானியம் திரட்ட, 1947-ல் பல சபைகளின் கூட்டு நிவாரண அமைப்பான சர்ச் வேர்ல்டு சர்வீஸ் ஆரம்பித்த இயக்கம் இது. 1969 அக்டோபரில் வட டகோட்டாவின் பிஸ்மார்க் நகரில் ஆயிரம் பேர் அளவில் நடந்து பணம் திரட்டினார்கள். அங்கிருந்து இது நடைப் பயணமாக நாடெங்கும் பரவியது. கத்தோலிக்கர், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் என்று ஊரே சேர்ந்து நடக்கும். தள்ளுவண்டியில் கைக்குழந்தை வரும், சக்கர நாற்காலியில் பாட்டி வருவார், கழுத்துப்பட்டையோடு நாயும் வரும். திரண்டதில் கால் பங்கு அந்த ஊரின் உணவு அறைகளுக்கே திரும்பி வந்துவிடும்.

ஆப்பிள் அறுவடையும் அந்த நேரம்தான். பென்சில்வேனியா, ஒஹாயோ, மேற்கு வர்ஜீனியா பக்கத்துச் சபைகளில் ஆலயத்துக்கு வெளியே விறகடுப்பு மூட்டி, பெரிய செப்புக் கொப்பரையில் ஆப்பிளை நாள் முழுக்கக் கிண்டுவார்கள். அடி பிடிக்காமல் கிண்ட வேண்டும் என்பதால் நீண்ட மரத் துடுப்பை ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிக்கொண்டே இருப்பார்கள். திருநெல்வேலிப் பக்கம் சபை விருந்தான அசனத்துக்கு முந்தைய இரவு கோயில் வளாகத்தில் நடக்கும் பேச்சும் சிரிப்பும் நினைவுக்கு வரும். கறுத்துக் குழைந்த அந்த இனிப்பைப் பாட்டிலில் அடைத்து விற்பார்கள். பெண்கள் சங்கத்தின் இலையுதிர் காலச் சந்தையில் பின்னல் குல்லா, ஒட்டுத் துணிப் போர்வை, கேக்கோடு அதுவும் இருக்கும். இந்தப் பெண்கள் 1888-லிருந்து எடுத்துவரும் நன்றிக் காணிக்கையும் இந்தப் பருவத்தில்தான் சேர்கிறது.

மாதக் கடைசி ஞாயிறு சீர்திருத்த ஞாயிறு. சில ஆலயங்களில் அன்று பைக் குழல் முழங்க, ஸ்காட்லாந்துக் குலங்களின் கட்டம் போட்ட துணிகளை ஏந்தி ஊர்வலமாக வருவார்கள். பார்ப்பவர்கள் இதைப் புராதன ஸ்காட்டிஷ் வழக்கம் என்று நினைப்பார்கள். இதைத் தொடங்கியவர் பீட்டர் மார்ஷல், தொடங்கிய ஆண்டு 1941. ஸ்காட்லாந்தில் பிறந்து வாஷிங்டனில் அதே நியூ யார்க் அவென்யூ ஆலயத்தின் போதகராக இருந்தவர். ஜெர்மன் குண்டுவீச்சில் தவித்த பிரிட்டனுக்கு நிதி திரட்டுவதற்காக அவர் செய்த ஏற்பாடு, பின்னாளில் அழகான வழக்கமாக நிலைத்துவிட்டது.

பிள்ளைகளுக்கோ இந்த மாதத்தில் வேறு வேலை இருக்கிறது. இலை கொட்டத் தொடங்கியதும் வயதானவர்களுக்கு அது பெரிய தொல்லை. ஈர இலை வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டவர்கள் ஏராளம். கூரைக் கால்வாய் அடைத்துக்கொண்டால் பனிக்காலத்தில் வீட்டுக்குள் நீர் இறங்கும். உதவிக்காரர்களிடம் தனியாக வாழும் முதியவர்களின் பட்டியல் இருக்கும். சனிக்கிழமை காலையில் இளைஞர் குழு வாருகோலும் சாக்குமாகப் போய் வீடு வீடாக வாரிக் கொட்டிவிட்டு வரும். வேலையைவிட, வாரிய பிறகு அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசும் கால் மணி நேரம்தான் முதியவருக்கு வேண்டியது.

குளிர் இறங்க ஆரம்பித்ததும் உதவிக்காரர்களின் வேலை இரட்டிப்பாகும். வீட்டைச் சூடாக்கும் கட்டணம் அக்டோபரிலிருந்து ஏறும். வாடகை, மின்சாரம், மருந்து மூன்றில் எதைக் கட்டுவது என்ற நிலையில் இருப்பவர்கள் ஆலய அலுவலகத்துக்குப் போன் செய்வார்கள். உதவிக்காரர் நிதியிலிருந்து பெரும்பாலும் மின் நிறுவனத்துக்கோ வீட்டு உரிமையாளருக்கோ நேரடியாகக் காசோலை போகும். யாருக்குக் கொடுத்தோம் என்று சபை நடுவில் அறிவிக்க மாட்டார்கள். கல்யாண மண்டப நாற்காலியிலிருந்து கோயில் விளக்கு வரை உபயதாரர் பெயரை எழுதிப் பழகிய நமக்கு இந்த மௌனம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று.

நவம்பரில் நீளும் வரிசை

நவம்பர் முதல் ஞாயிறன்று அந்த ஆண்டு மறைந்த சபையாரின் பெயர்களை வாசித்து, பெயருக்கு ஒரு முறை மணி அடிப்பார்கள். அடுத்து வரும் செவ்வாய் தேர்தல் நாளாக இருந்தால் பல ஆலய மண்டபங்கள் வாக்குச்சாவடிகளாகும். மாதம் முழுவதையும் ஆள்வது நான்காம் வியாழனன்று வரும் நன்றியறிதல் நாள். 1863-ல், உள்நாட்டுப் போரின் நடுவில், நவம்பர் கடைசி வியாழனை நன்றியறிதல் நாளாக நாடெங்கும் கொண்டாட அறிவித்தவர் லிங்கன். நான்காம் வியாழன் என்பது 1941-ல் சட்டமானது.

உலகத்தின் பணக்கார நாட்டில் பசியா என்று இன்னும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க வேளாண் துறையின் கணக்குப்படி 2023-ல் நூற்றுக்கு 13.5 வீடுகளில், அதாவது 1 கோடியே 80 லட்சம் வீடுகளில், போதுமான சாப்பாட்டுக்கு ஆண்டின் ஏதோ ஒரு கட்டத்திலாவது உறுதி இல்லாமல் இருந்தது. நம் ஊர் ரேஷன் கடை போல அங்கே கடை கிடையாது. 'ஸ்நாப்' என்ற திட்டத்தில் அரசு ஓர் அட்டையில் மாதாமாதம் பணம் ஏற்றும். அதைக் கொண்டு மளிகைக் கடையில் உணவுப் பொருள் வாங்கலாம். பழைய பெயர் ஃபுட் ஸ்டாம்ப். 2024-ல் ஏறக்குறைய 4 கோடியே 20 லட்சம் பேர், எட்டில் ஒருவர், இதை நம்பியிருந்தார்கள். அந்த அட்டையில் சோப்பு வாங்க முடியாது. குழந்தைக்கு டயாப்பர் வாங்க முடியாது. மாதக் கடைசியில் பணம் தீர்ந்துவிடும். அந்த இடைவெளியில்தான் ஆலயத்தின் உணவு அறை நிற்கிறது.

இதன் அமைப்பைச் சொல்ல வேண்டும். வட்டாரத்துக்கு ஒரு பெரிய கிடங்கு இருக்கும், அதுதான் உணவு வங்கி. இந்த ஏற்பாட்டை அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் 1967-ல் கத்தோலிக்க ஆலயம் ஒன்றின் உதவியோடு தொடங்கியவர் ஜான் வான் ஹெங்கெல். இன்று நாட்டில் இருநூறு அளவில் உணவு வங்கிகள் இருக்கின்றன. கடைகளும் விவசாயிகளும் அரசும் தரும் பொருள் அங்கே வந்து சேர்ந்து, பல்லாயிரம் சிறு உணவு அறைகளுக்குப் பிரிந்து போகிறது. அந்தச் சிறு அறைகளில் பல ஆலயக் கீழ்த்தளங்களில் இருக்கின்றன. செவ்வாய் லாரி வரும், புதன் அடுக்குவார்கள், வியாழன் கதவு திறக்கும் என்பது மாதிரி ஒரு முறை வைத்திருப்பார்கள். பீன்ஸ் டப்பா, சூரை மீன் டப்பா, வேர்க்கடலை வெண்ணெய், மக்ரோனி, ஓட்ஸ், உருளைக்கிழங்கு, முடிந்தால் பாலும் முட்டையும் இருக்கும்.

முன்பெல்லாம் கட்டிவைத்த பையைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். இப்போது பல இடங்களில் கடை போல அலமாரி அடுக்கி, வருபவர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள விடுகிறார்கள். சர்க்கரை நோயாளிக்கு இனிப்புப் பழ டப்பா வேண்டாம். பன்றி இறைச்சி சாப்பிடாத முஸ்லிம் குடும்பத்துக்கு வேறு ஏதாவது வேண்டும். மாட்டிறைச்சி தொடாத இந்திய மாணவருக்குப் பருப்பு இருந்தால் போதும். எடுத்தது வீணாகாமல் சமையலாகும், எடுத்தவரின் முகம் தாழாது. அறுபது ஆண்டுகளில் இந்தத் துறையில் நடந்த மிகப் பெரிய முன்னேற்றம் என்று இதைத்தான் சொல்வேன்.

2025-ன் இலையுதிர் காலம் இந்த அறைகளைச் சோதித்துப் பார்த்தது. அக்டோபர் 1-ல் முடங்கிய அமெரிக்க அரசு நவம்பர் 12 வரை 43 நாள் முடங்கியே கிடந்தது. நவம்பர் 1-ல் வர வேண்டிய ஸ்நாப் பணம் தடைபட்டது. அதைப் பற்றிய வழக்கு நீதிமன்றங்களுக்கிடையே போய்வந்தது. சம்பளமின்றி வேலை பார்த்த அரசு ஊழியர்களும் உணவு அறைகளின் வரிசைக்கு வந்தார்கள். போன மாதம் டப்பா நன்கொடை கொடுத்தவர் இந்த மாதம் பையோடு வந்து நின்ற நிலை அது. சபைகள் செய்ய முடிந்ததைச் செய்தன. ஆனால் ஓர் அரசாங்கம் விட்ட இடத்தை ஆலயக் கீழ்த்தளம் நிரப்ப முடியும் என்று யாராவது சொன்னால் அது பொய். எத்தனை சபைகள் சேர்ந்தாலும் அந்த அட்டைக்கு ஈடாகாது. பிரஸ்பிட்டேரியன் சபையின் பொது மன்றம் காலம் காலமாகப் பசி ஒழிப்பை அரசின் கடமையாகவும் வலியுறுத்தி வருகிறது. கொடுப்பதோடு கேட்பதையும் சேர்த்துச் செய்வதால் இந்த மரபின் மேல் எனக்கு மதிப்பு கூடுகிறது.

வெள்ளம் வந்த ஆண்டு

இலையுதிர் காலம் அமெரிக்காவில் புயல் காலமும்கூட. 2024 செப்டம்பர் 26 இரவு ஃப்ளோரிடாவில் கரை கடந்த ஹெலீன் புயல், மறுநாள் கடலிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருந்த வட கரோலினாவின் மலைப் பகுதியை மூழ்கடித்தது. அந்த மாநிலத்தில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஆஷ்வில் நகரத்துக்குக் குடிக்கத் தக்க குழாய்த் தண்ணீர் திரும்பக் கிடைத்தது நவம்பர் 18-ல்தான். 1897-ல் உருவாகி, பிரஸ்பிட்டேரியன்கள் தலைமுறைகளாகக் கோடைக் கூடுகைக்குப் போய்வரும் மான்ட்ரீட் அந்த மலையிலேயே இருக்கிறது. அதுவும் அடி வாங்கியது. அந்தப் பகுதியின் ஆலய வளாகங்கள் தண்ணீரும் சுடுசோறும் கொடுக்கும் இடங்களாக மாறின.

அப்போது தூரத்து மாநிலங்களின் சபைகள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மண்டபத்தில் மேஜைகளை வரிசையாகப் போட்டன. மூடியோடு கூடிய பெரிய பிளாஸ்டிக் வாளி ஒன்று மேஜை மேஜையாக நகரும். தேய்க்கும் பிரஷ், ஸ்பாஞ்சு, சலவைத் திரவம், துணிக்கொடிக் கயிறு, கிளிப், கையுறை, முகமூடி, குப்பைப் பை என்று ஒவ்வொரு மேஜையிலும் ஒன்று உள்ளே விழும். கடைசி மேஜையில் ஒரு பையன் மூடியை அழுத்தி மூடுவான். வீட்டுக்குள் சேறு ஏறிய ஒருவருக்கு முதல் நாள் என்ன தேவை என்பதை அனுபவத்தில் யோசித்துப் போட்ட பட்டியல் அது. பழைய துணி மூட்டைகளை அனுப்பாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். 2004 சுனாமியின்போது நாகப்பட்டினம் சாலையோரங்களில் குவிந்து மக்கிய பழைய துணிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த எச்சரிக்கையின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. இந்தச் சபைப் பிரிவின் பேரிடர் உதவி அமைப்பு வேறொன்றையும் வலியுறுத்துகிறது. தொலைக்காட்சிக் கேமரா போன பிறகும் நிற்க வேண்டும். கத்ரீனா புயல் 2005-ல் அடித்தது. வீடு கட்டிக் கொடுக்கும் தொண்டர் குழுக்கள் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அங்கே போய்வந்துகொண்டிருந்தன.

சுருங்கும் சபை

இத்தனை வேலையும் செய்யும் சபை சுருங்கிக்கொண்டிருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. 1983-ல் இணைந்தபோது 30 லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். 2023 முடிவில் 11 லட்சத்துக்கும் குறைவு. பாதிக்கும் மேற்பட்ட சபைகளில் நூறு பேர்கூட இல்லை. பல சபைகளுக்கு முழுநேரப் போதகர் இல்லை. நவம்பரில் சபையார் அடுத்த ஆண்டுக்கு இவ்வளவு தருவோம் என்று எழுதித் தரும் உறுதிமொழி அட்டைகளை எண்ணிப் பார்த்துத்தான் செஷன் பட்ஜெட் போடும். நூறு ஆண்டு பழைய கட்டடத்தின் கூரைக்கும் கொதிகலனுக்கும் போக என்ன மிஞ்சும் என்பது ஒவ்வோர் ஆண்டும் கலங்க வைக்கும் கேள்வி. போதகரின் சம்பளத்தையும் சபையே கூடி ஓட்டுப் போட்டு ஏற்க வேண்டும் என்பதால் அந்தக் கலக்கத்தில் எல்லோருக்கும் பங்கு உண்டு.

சில சபைகள் இந்தச் சுருக்கத்தையே ஊழியமாக மாற்றியிருக்கின்றன. வாஷிங்டனுக்கு அடுத்த ஆர்லிங்டனில் வீட்டு வாடகை ஏறி, ஆசிரியர்களும் கடை ஊழியர்களும் ஊரை விட்டே போய்க்கொண்டிருந்தார்கள். அங்குள்ள ஆர்லிங்டன் பிரஸ்பிட்டேரியன் சபை தன் பெரிய கல் ஆலயத்தை இடிக்க ஒப்புக்கொண்டு, நிலத்தை லாப நோக்கமற்ற வீட்டுவசதி அமைப்புக்கு விற்றது. அந்த இடத்தில் குறைந்த வருமானக்காரர்களுக்கான 173 வீடுகள் எழுந்தன. 2019-ல் திறந்த அந்தக் கட்டடத்துக்கு கில்லியம் பிளேஸ் என்று அச்சபையின் பழைய மூப்பர் ஒருவரின் பெயரை வைத்தார்கள். சபை இப்போது அதன் தரைத்தளத்தில் கூடுகிறது. தாத்தா பாட்டி கல்யாணம் நடந்த ஆலயத்தை இடிக்கக் கை உயர்த்துவது எவ்வளவு கடினம்! அழுதவர்கள் இருந்திருப்பார்கள், விலகிப் போனவர்களும் இருந்திருப்பார்கள். ஆலயச் சொத்தை விற்றது யார், வாங்கியது யார் என்று நம் ஊரில் வழக்குகள் குவிந்து கிடக்கும் காலத்தில், சொத்தை இப்படியும் பயன்படுத்த முடியும் என்பதற்கு ஆர்லிங்டன் ஒரு சான்று.

இந்த ஊழியத்தில் எனக்கு உள்ள மனக்குறை ஒன்றுதான். நவம்பர் மூன்றாம் வாரத்தில் உணவு அறைக்குத் தொண்டர்கள் முண்டியடித்து வருகிறார்கள். வான்கோழியும் பரங்கிக்காய்ப் பை மாவும் நிரம்பி வழிகின்றன. கிறிஸ்துமஸ் வரை அது நீடிக்கும். ஜனவரியில் அலமாரி காலியாகிவிடும், குளிரும் கடுமையாகும், பண்டிகைச் செலவு போன பிறகு குடும்பங்களின் கையும் காய்ந்திருக்கும். அப்போது அடுக்குவதற்கும் தூக்குவதற்கும் ஆள் இருக்காது. இருப்பவர்கள் அந்த எழுபது வயது உதவிக்காரர்கள் நான்கைந்து பேர்தான்.

அமெரிக்காவில் வாழும் தமிழ் வாசகர்களே, உங்கள் ஊரிலும் ஓர் ஆலயக் கீழ்த்தளத்தில் இப்படியோர் அறை இருக்கும். உங்கள் மதத்தை யாரும் கேட்கப்போவதில்லை. கொடுப்பதானால் வீட்டில் மிஞ்சிய டப்பாக்களைவிடப் பணமாகக் கொடுங்கள். உணவு வங்கிகள் மொத்தமாக வாங்குவதால் உங்கள் டாலருக்கு நீங்கள் கடையில் வாங்குவதைவிட அதிகப் பொருள் வரும். பணம் இல்லாதவர்கள் வாரத்தில் இரண்டு மணி நேரம் கொடுங்கள். உங்களைப் பார்க்க வந்து பகல் முழுக்க வீட்டில் தனித்திருக்கும் அப்பா அம்மாவையும் கூட்டிப் போங்கள். நவம்பரில் அங்கே ஆள் கிடைக்கும். நீங்கள் ஜனவரியில் போங்கள்.